ஈரக் காற்றில் ஒட்டாத ரப்பர்

என் தங்கை ரிஹாப் வென்றவை: டைபாய்டு காய்ச்சலோடு எழுதிய பள்ளி இறுதித் தேர்வில் ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் மூன்றாவது இடம். அப்பா மறுத்தும் வேதியியலில் பட்டம். நாற்பத்தொரு பேர் கேட்டு இருவருக்கே கிடைத்த ஆய்வு உதவித்தொகை.

அதன்பின் மூன்று வருடம் ஒரே ரப்பரோடு மல்லுக்கட்டினாள். ஆலிவ் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் வெடித்தால் தானே ஒட்டிக்கொள்ள வேண்டும், அதற்கான ரப்பர். அதன் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்திருக்கும். அறுத்தால் கை விடும், சேர்த்து வைத்தால் மறுபடி பிடிக்கும்.

ஒரு நாள் ஒட்டி இருநூறு கிராம் எடையைத் தாங்கும். மறுநாள் அதே புட்டியிலிருந்து எடுத்த துண்டு நமுத்த பிஸ்கட்டாய் விட்டுவிடும். அவர்கள் ஆய்வகத்தில், வேறொருவர் மூன்று முறை செய்தும் அதே முடிவு வந்தால்தான் முதலில் செய்தவர் தன் குறிப்பேட்டில் கையெழுத்திடலாம். ரிஹாபின் நான்கு குறிப்பேடுகளிலும் கையெழுத்துக் கட்டம் காலி. டிசம்பரில் உதவித்தொகை முடிகிறது.

"இன்னிக்கு உன் ரப்பர் என்ன, கோவிச்சுக்கிச்சா?" என்பாராம் பேராசிரியர் கம்மூன்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் குஸ்குஸ் தட்டைத் தள்ளி வைத்தாள். "எல்லாம் ஒண்ணுபோலத்தான் செய்யறேன், அண்ணே. அப்புறமும் ஏன் இப்படிப் படுத்துது?"

நான் ஒன்பதாவது வரை படித்தவன். மீன்பிடித் துறைமுகத்தில் பனிக்கட்டி இயந்திரம் பார்க்கிறேன். காலையும் மாலையும் காற்றின் ஈரப்பதத்தை எழுதிவைப்பது என் வேலை. அவள் குறிப்பேட்டுத் தேதிகளை அதோடு ஒப்பிட்டேன். ஒட்டிய பதினொரு நாளும் பாலைவனத்திலிருந்து வரும் வறண்ட ஷஹீலிக் காற்று. ஒட்டாத நாளெல்லாம் கடல்காற்று.

"ஜன்னலத் திறந்து வைப்பீங்களா?"

"மருந்து நாத்தம் தாங்காதே. கடல் பக்கத்து ஜன்னலத் தினமும் திறப்போம்." என் ஈரப்பதக் குறிப்பை இழுத்துப் பார்த்தாள். "காத்துல இருக்கற தண்ணி முந்திக்கிட்டு அந்தக் கையப் பிடிச்சுக்குது. முதல் வருஷப் பாடம், அண்ணே. பிள்ளைங்களுக்கு நானே நடத்தறேன். த்சே."

ஜன்னலை மூடினால் ஒட்டியது. ஆனால் ஈரத்தில் ஒட்டாத ரப்பர் தண்ணீர்க் குழாய்க்கு எதற்கு?

"உலர்ந்த காத்துல ஒட்டும்னு ஒரு வரி போட்டு முடி. குழாயப் பத்தி யாரு கேக்கப்போறாங்க?" என்றார் கம்மூன்.

"நான் கேப்பேன், சார்."

ஈரப்பதம் அறுபது சதவீதத்தைத் தாண்டினால் ஒட்டாது என்று ஒரு பக்கம் எழுதி, கூட வேலை செய்பவளிடம் கொடுத்தாள். அவள் மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் ஒட்டவில்லை.

"வழக்கப்படி சரிதானே, சார்?" என்றாள் ரிஹாப்.

கம்மூன் முனகிக்கொண்டே குறிப்பேட்டை அவள் பக்கம் தள்ளினார். குழாய்க்கு ஆகாது என்று சொல்லும் அந்தப் பக்கத்தில்தான் ரிஹாப் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டாள்: 2018 நவம்பர் 22, வியாழக்கிழமை.