குல்லாவைப் பார்த்து எடுத்த ஆள்

எங்கள் அணி யாரை எடுக்கிறது என்பதைவிட, எதிரணிகள் யாரை எடுத்து நாசமாய்ப் போகின்றன என்பதில்தான் எனக்கு அக்கறை அதிகம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. சொந்த அணியைப் பாராட்ட யாரால்தான் முடியாது? அடுத்தவன் அணியில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குத்தான் ஞானம் வேண்டும். அந்த ஞானம் எனக்கு இருப்பதாக நான் பல வருடங்களாக நம்பியிருந்தேன்.

ஊட்டி மார்க்கெட்டை ஒட்டி ஸ்வெட்டர், குல்லா, கையுறை விற்கிற கடை என்னுடையது. மழை ஓய்ந்ததும் எங்கள் பக்கம் நான்கு அணிகள் ஆடும் ஃபுட்பால் போட்டி ஒன்று உண்டு. எங்கள் மார்க்கெட் அணி, பெர்ன்ஹில் அணி, கேத்தி அணி, டீ ஃபாக்டரி அணி. அணிக்கு ஏழு பேர் ஆடுவார்கள். ஒரு காலத்தில் ஃபாக்டரிக்காரர்கள் நல்ல ஆட்களையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு எங்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள். அதனால் ஒரு புது விதி கொண்டுவந்தோம். ஒவ்வொரு வருடமும் கேப்டனைத் தவிர எல்லா ஆட்டக்காரர்களும் பொதுப் பட்டியலுக்குத் திரும்பிவிட வேண்டும். நான்கு அணியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு 'ஆள் எடுப்பு' என்று பெயர். போன வருடம் கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு. அந்த மரியாதையைப் பெரும்பாலும் எங்கள் மார்க்கெட் அணிதான் அனுபவித்து வருகிறது.

ஆள் எடுப்பு முடிந்த கையோடு போட்டிக்கான வாட்ஸப் குழுவில் நான் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவேன். எதிரணிகள் எடுத்த ஒவ்வொரு ஆளுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவேன். பெர்ன்ஹில்காரர்கள் ஒரு வருடம் அண்ணன் தம்பி மூன்று பேரை எடுத்தபோது, "இது டீமுங்களா, இல்ல ரேஷன் கார்டுங்களா?" என்று கேட்டேன். அது மேட்டுப்பாளையம் வரைக்கும் போய்ச் சிரிக்க வைத்தது. திட்டுகிறவர்கள்கூட முழுசாய்க் கேட்டுவிட்டுத்தான் திட்டுவார்கள்.

இனி என் மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தம்பி. மினி லாரியில் கேரட், முட்டைக்கோஸ் ஏற்றி மேட்டுப்பாளையம் இறக்கிவிட்டு வருகிறவர். பதினாலு வருடமாக எங்கள் மார்க்கெட் அணியில் பின்னால் நின்று தடுக்கிற ஆள். பொதுப் பட்டியல் வந்த பிறகும் ஒவ்வொரு வருடமும் கடைசிச் சுற்றில் நாங்களே அவரை எடுத்துவிடுவோம். வேறு யாரும் எடுக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். இந்த வருடம் அவருக்கு முப்பத்தொன்பது. நாற்பது ஆகிவிட்டால் பட்டியலில் பெயர் கிடையாது. "இந்த ஒரு வருசமுங்க மாமா. நம்ம மார்க்கெட் பனியனோடயே முடிச்சுக்கிறேன்" என்று ஆடி மாதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். நானும், "அதுக்கென்னங்க மாப்ள, நம்ம டீமு" என்று வாய் நிறையச் சொல்லியிருந்தேன்.

ஆள் எடுப்புக்கு இரண்டு வாரம் முன்பு, எஸ்டேட் மைதானத்தில் சும்மா ஒரு ஆட்டம் நடந்தது. வேவு பார்க்கப் போனேன். போய் நின்ற கால் மணி நேரத்தில் மிஸ்ட் இறங்கிவிட்டது. கோல் கம்பம் தெரியவில்லை, ஆள் முகம் தெரியவில்லை. ஆனால் ஒரு உருவம் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து வரும், பந்தை எடுக்கும், இரண்டு பேரை ஏமாற்றும், போய்விடும். பிறகு உள்ளேயிருந்து "கோல்!" என்று சத்தம் கேட்கும். மூன்று தடவை. எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது.

முகம் தெரியாவிட்டால் என்ன? எங்கள் ஊரில் வருடத்தில் பாதி நாள் யாருக்கும் முகம் கிடையாது. ஜெர்கினையும் குல்லாவையும் வைத்துத்தான் வணக்கம் சொல்கிறோம். அந்த உருவத்தின் தலையில் பச்சைக் குல்லா, நடுவில் கடுகு மஞ்சளில் ஒரு பட்டை. அந்த ரகத்தில் ஒன்றே ஒன்றுதான் என் கடைக்கு வந்தது. அதை யாருக்கு விற்றேன் என்றும் தெரியும். எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிற ஒருவருக்கு. விசாரித்தால், அவர் பெயரும் பட்டியலில் இருக்கிறது! சாதுவான மனுஷன், ஆபீஸ் விட்டால் வீடு. இந்த ஆளுக்குள் இப்படி ஒரு ஆட்டக்காரனா என்று அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆள் எடுப்பில் எங்களுக்காக உட்கார்ந்தது மூன்று பேர். கிழங்கு மண்டி வைத்திருக்கிற எங்கள் கேப்டன், பேக்கரிக்காரர், நான். முதல் சுற்றிலேயே குல்லாக்காரரை எடுத்தால் எல்லாருக்கும் சந்தேகம் வரும், கடைசி வரை விட்டுப் பிடிப்போம் என்று நான் தந்திரம் சொன்னேன். கடைசிச் சுற்று வந்தது. எங்களுக்கு ஒரு ஆள் பாக்கி. இங்கே குல்லாக்காரர், அங்கே என் மச்சினன்.

கேப்டன் எங்களை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "ஏனுங்க, பதினாலு வருசம் நம்ம கூட ஆடுன மனுசன். கடைசி வருசம் வேற. நான் அவருக்குத்தானுங்க" என்று கையைத் தூக்கினார். நான் தூக்கவில்லை. "பாசம் வேற, பந்து வேறங்க. நான் கண்ணால பாத்தனுங்க, மூணு கோலு" என்றேன். பேக்கரிக்காரர் என்னைப் பார்த்தார், கேப்டனைப் பார்த்தார், பிறகு என் பக்கம் சாய்ந்தார். இரண்டுக்கு ஒன்று. உள்ளே போய்க் குல்லாக்காரர் பெயரைச் சொன்னோம். அடுத்து ஃபாக்டரியின் முறை. அவர்களுக்கும் ஒரு ஆள் குறைந்தது. என் மச்சினனை எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு நான் போட்ட வாய்ஸ் மெசேஜ் மொத்தம் பதினொரு நிமிடம். பெர்ன்ஹில் அணிக்கு நாலு மார்க். "கோல்கீப்பரு நல்ல உசரமுங்க, ஒத்துக்கறேன். ஆனா குனியறதுக்குள்ள பந்து ஊடு போய்ச் சேந்துருமுங்க." கேத்தி அணி, கேரட் கழுவுகிற ஷெட்டில் வேலை செய்கிற ஒரு இளவட்டத்தை முதல் ஆளாக எடுத்திருந்தது. அதற்கு மூன்று மார்க். "கேரட் கழுவத் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் பந்து ஆட வருமுன்னா, எங்கூட்டு வாஷிங் மெஷினையும் பட்டியல்ல சேத்துக்கங்க." ஃபாக்டரி அணிக்கு ஐந்து. "அவிங்க கடைசியா எடுத்த ஆளப் பத்தி நான் வாயத் தொறந்தா எனக்கு ஊட்டுல சோறு கெடையாது, அதனால பாஸ்." எங்கள் அணிக்கு ஒன்பதரை. அந்த அரை மார்க்கைத் தன்னடக்கத்துக்காகக் குறைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மச்சினன் வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு பொட்டலம் வர்க்கியோடு. அவரோ நேரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பேக்கரிக்காரரு சொன்னாருங்க மாமா. ஓட்டு வச்சீங்களாமா. ஒரு கை எனக்குன்னு எந்திரிச்சுதாமா. யாருன்னு அவரு சொல்லல. சொல்லோணுமாக்கும்? நீங்க ஒருத்தராச்சும் தூக்குனீங்களே, அது போதுமுங்க."

வாயில் வர்க்கி. அதை மென்றுகொண்டிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. உண்மையில் வர்க்கி வாயில் போட்டதும் கரைந்துவிடும். தலையை ஆமென்றும் இல்லையென்றும் படாமல் ஒரு ஆட்டு ஆட்டினேன். மனைவி எனக்கு மட்டும் இரட்டை முட்டை ஆம்லெட் போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். "அந்தக் கேப்டன் மூஞ்சிலயே இனி முழிக்க மாட்டன்" என்றார் மச்சினன். நான் ஆம்லெட்டைத் தின்றேன். வெட்கங்கெட்டுத் தின்றேன்.

அடுத்த ஞாயிறு பயிற்சி. குல்லாக்காரர் வந்தார், இஸ்திரி போட்ட கால்சட்டையோடு. கேப்டன் பந்தை அவரிடம் மெதுவாகத் தள்ளினார். அவர் பணிவாக ஒதுங்கி நின்று, பந்து போக வழி விட்டார். அடுத்த பந்துக்கும் அதே மரியாதை. நான் ஓடிப்போய், "ஏனுங்க சார், அன்னைக்கு மிஸ்டுல மூணு கோல் போட்டீங்களே!" என்றேன்.

"நானுங்களா? நான் கம்பத்துக்குப் பின்னால சும்மா பாத்துட்டு நின்னனுங்க. கேத்தியில இருந்து ஒரு தம்பி ஆட வந்திருந்தாப்டி. கேரட் ஷெட்டுல வேலையாமா. காது குளுருதுன்னு சொன்னாப்டி, குல்லாவக் கழட்டிக் குடுத்தனுங்க."

"அப்பறம் என்னத்துக்குங்க பட்டியல்ல பேரு குடுத்தீங்க?"

"நான் எங்கீங்க குடுத்தேன்? நாப்பதுக்குக் கீழ இருக்கறவங்க பேரெல்லாம் ஆபீஸ்ல இருந்து மொத்தமா எழுதி அனுப்பிச்சாங்க. நாந்தானுங்க அதை டைப் அடிச்சேன்."

கேப்டன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கிழங்கு மூட்டையில் அழுகல் கண்டால் ஒரு பார்வை பார்ப்பார், அதே பார்வையை என்மேல் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த வருடம் கேத்தியின் கேரட் ஷெட் பையன் எங்களுக்கு எதிராக மட்டும் நாலு கோல் போட்டான். ஒவ்வொரு கோலுக்கும் குழுவில் யாராவது ஒரு வாஷிங் மெஷின் படம் போட்டார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது மழைக்காலத்தில் மட்டும்தான் கத்தும். எனக்கு அதெல்லாம் பெரிதில்லை. மச்சினன்தான் எனக்கு நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தார். கடையில், வழியில், டீக்கடையில் எங்கே பார்த்தாலும், "எனக்குக் கை தூக்குன ஒரே மனுசன் எங்க மாமா" என்று பார்க்கிற ஆளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கேப்டன் எதிரே வந்தால் ரோட்டின் அந்தப் பக்கம் போனார். கேப்டனும், அந்தப் பெரிய மனுஷன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நான் தள்ளிப்போட்டேன். மனைவி ஆம்லெட்டை நிறுத்தவில்லை.

கடைசி ஆட்டம் எங்களுக்கும் ஃபாக்டரிக்கும். மச்சினனுக்கு வாழ்க்கையிலேயே கடைசி ஆட்டம். ஃபாக்டரியின் நீலப் பனியனில் அவரைப் பார்க்க என் கண்ணுக்குப் பழகவேயில்லை. முதல் பாதியில் எங்கள் கேப்டன் பந்தோடு வந்தபோது, மச்சினன் காலை விட்டு அவரைச் சேற்றில் உருட்டினார். ஒரு மாதக் கோபம் அந்தக் காலில் இருந்தது. கேப்டன் எழுந்து, சேற்றைத் துடைத்துக்கொண்டு போனார். அதைப் பார்த்தபோது, அந்த அடி எனக்கு விழ வேண்டியது என்று நினைத்தேன். விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஃபாக்டரி ஒரு கோல் முன்னால். முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் கேப்டன் ஓங்கி அடித்தார். கோல்கீப்பர் விழுந்துவிட்டான், கோல்தான். எங்கிருந்தோ மச்சினன் வந்து கோட்டின் மேலேயே வயிற்றைக் கொடுத்துத் தடுத்தார். சத்தம் எனக்குக் கேட்டது. மடங்கி உட்கார்ந்தவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். விசில் ஊதினார்கள், நாங்கள் தோற்றோம், மறுபடியும் கடைசி இடம்.

ஃபாக்டரிக்காரர்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். கீழே இறங்கியதும் அவர் நேரே என்னிடம் வந்தார். வயிற்றில் பந்தின் வட்டம் சேறாய்ப் பதிந்திருந்தது. சுற்றிப் பத்துப் பேர். என் தோளில் கையைப் போட்டு, "இந்த வயசுலயும் என்னால ஆட முடியுமுன்னு நம்புன ஒரே ஆளுங்க இவரு" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"மாப்ள, அது நானில்லைங்க."

"என்னங்க மாமா?"

"உங்களுக்குக் கை தூக்குனது கேப்டனுங்க. உங்களுக்கு எதிரா மொதல்ல நின்னது நானுங்க."

தோளிலிருந்த கையை எடுத்துக்கொண்டார். மைதானத்தைக் கடந்து, பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்த கேப்டனிடம் போனார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. மச்சினன் குனிந்து கேப்டனின் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். கேப்டன் அவர் முதுகில் ரெண்டு தட்டுத் தட்டினார்.

திரும்பி வந்தவர் என் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றார். அடிப்பார் என்றே நினைத்தேன்.

"பதினாலு வருசமா ஒரு ஆட்டம் விடாம என்னையப் பாத்த ஆளுங்க நீங்க" என்றார். "அதவிட மிஸ்டுல பாத்த கால் மணி நேரம் பெருசாப் போச்சுங்களா?"

நான் ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன். அது கையிலேயே இருந்தது.

"வண்டிய எடுங்க. அக்காகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நல்லா இருக்காது."

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். மனைவி என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், அடுப்படிக்குள் போய் ஒரு ஆம்லெட் போட்டுக்கொண்டு வந்தாள். தம்பிக்கு.