மனோரஞ்சிதக் குச்சிக்கு வேர் பொடி

குச்சி ஊன்றிப் பிழைக்கிற தொழிலில் பாதி நேரம் வேலை, மீதி நேரம் மண்ணுக்கு அடியில் என்ன நடக்கிறதோ என்று கனவு.

புதுச்சத்திரத்தில் மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது எங்கள் நர்சரி. நானும் பாவாயி அக்காவும்தான் முதலாளி, தொழிலாளி எல்லாம். என் வீட்டுக்காரர் போர்வெல் ரிக்கில் வடக்கே போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். சாயங்காலமானால் போன் பண்ணுவார். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் கேட்கத் தெரியாது. அன்றைக்குத் துளை போட்ட இடத்தில் என்ன மண் வந்தது என்று சொல்வார். மேலே செம்மண், அப்புறம் சுக்கான்கல், அப்புறம் கருங்கல். நான் "அப்படீங்களா" என்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

வேர் விடுகிற குச்சிகளுக்கென்று நர்சரியின் பின்பக்கம் ஒரு பாலிதீன் கூண்டு இருக்கிறது. உள்ளே போனால் வெள்ளையாகப் பனி மூட்டம். மத்தியான வெயிலில் ரோட்டில் லாரி போகிற சத்தம் அங்கே வந்து சேரும்போது யாரோ பக்கத்து அறையில் குறட்டை விடுகிற மாதிரி கேட்கும். எனக்கு அங்கே நின்றால் கண் சொக்கிவிடும். நீங்களும் என்றைக்காவது ஒரு ரோஜாக் குச்சியைத் தொட்டியில் ஊன்றி, மறுநாள் காலையிலேயே பிடுங்கிப் பார்த்து, ஒன்றும் இல்லையென்று திரும்பச் செருகியிருப்பீர்கள். அப்படியானால் நீங்கள் நம்ம ஆள், மேலே படியுங்கள்.

இலையைப் பார்த்து ஏமாந்தவர்

சங்ககிரியில் இருந்து ஒரு லாரி டிரைவர் வருவார். எந்த ஊருக்கு லோடு போனாலும் அங்கே யார் வீட்டு வேலியிலாவது நாலு காகிதப்பூக் குச்சியை ஒடித்துக் கேபினில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிற கை அது. ஒரு தடவை முட்டைக்கரு நிறத்தில் ஏதோ அபூர்வமான பூ என்று கொண்டுவந்து, குச்சியை வேர் விட வைக்கிற வேர் பொடியை என்னிடம் வாங்கிப் போய் வீட்டில் ஊன்றினார். கொஞ்ச நாளிலேயே ஒரு பெட்டி ஜிலேபியோடு வந்து நின்றார். எல்லாக் குச்சியிலும் தளிர் வந்துவிட்டதாம். பாவாயி அக்கா ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டாள்.

எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. குச்சிக்குள் இருக்கிற பழைய சத்தை வைத்துக்கொண்டே தளிர் வந்துவிடும். கீழே வேர் இல்லையென்றால் அந்தத் தளிர் நாலு நாள் சிரித்துவிட்டுச் சுருண்டுவிடும். இதைச் சொல்லி அவர் முகத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். அடுத்த லோடுக்குப் போகும்போது வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்தார். எல்லாம் காய்ந்துவிட்டது. அதற்காக அவர் ஒன்றும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

"பரவால்லீங்க, இனிப்புச் சாப்பிட்டது சாப்பிட்டதுதானுங்களே."

மேட்டூர்க் குவார்ட்டர்ஸ் கொடி

மாணிக்கம் அண்ணன் முதன்முதலாக வந்தபோது ஈரத்துணியில் சுற்றிய ஒரு கொத்துக் கிளையைப் பச்சைக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். மேட்டூரில் ஒரு கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக் குடிவரப்போகிறார். காலி பண்ணுகிற குவார்ட்டர்ஸை வரிசையாக இடிக்கப்போகிறார்கள். அந்த வீட்டுச் சுவரோடு சுவராக ஏறிக் கிடக்கிறது ஒரு மனோரஞ்சிதக் கொடி. தோண்டி எடுக்கலாமென்றால் வேர் சுவருக்கு அடியில் போய்விட்டது. கிளையை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியன் போட்டு வைக்க நாளில்லை.

மனோரஞ்சிதம் உங்களுக்குத் தெரியும். பூ மஞ்சளாகிற நேரத்தில் முகர்ந்தால், மனசில் எந்தப் பழத்தை நினைக்கிறோமோ அந்த வாசம் வரும் என்பார்கள். அவர் சம்சாரம் சுசீலா அக்காவுக்கு ஒரு காய்ச்சலில் மூக்கு போய்விட்டது. காபி, சாம்பார், சாம்பிராணி எதுவுமே தெரிவதில்லை. ஒரு நாள் காலையில் இவர் சும்மா இந்தப் பூவைப் பறித்து மூக்கருகில் நீட்ட, அக்கா கண்ணை மூடிக்கொண்டு "மாம்பழம்" என்றிருக்கிறார். அன்றிலிருந்து தினமும் ஒரு பூ, தினமும் ஒரு வாசம். பலாப்பழம், கொய்யா, செவ்வாழை.

"ஒரு நாளு பெருங்காயம்னுகூடச் சொன்னாளுங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண் விரிந்தது.

என்னிடம் விதையில் வந்த மனோரஞ்சிதச் செடி ஒன்று விற்பனைக்கு இருந்தது. அதைக் காட்டினேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வேறு செடியில் வாசம் வராமல் போய்விட்டால் என்ன செய்வதென்று பயம். மனோரஞ்சிதம் குச்சியில் லேசில் பிடிக்காது, பொடி போட்டாலும் உறுதி சொல்ல முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் துணியைப் பிரித்துக் கிளையை என் முன்னால் வைத்தார்.

"எப்படியாச்சும் புடிக்க வெச்சுக் குடுங்க அம்மிணி, அவ மூக்கு அந்தச் செடியிலதான் இருக்குது."

திருநீறு பூசிய குச்சிகள்

கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, இலையைப் பாதியாக நறுக்கி, அடியை ஈரத்தில் தொட்டு, அப்புறம் பொடியில் தொட்டு, மிச்சத்தைத் தட்டிவிட வேண்டும். மண்ணில் முதலிலேயே ஓட்டை போட்டுத்தான் குச்சியை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் பொடி மேலேயே வழிந்துவிடும். இதையெல்லாம் அண்ணனுக்குச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தபோது தென்னங்கன்று கேட்டு ஒரு வேன் வந்து நின்றது. நான் எழுந்து போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் குச்சிகளெல்லாம் கோயிலுக்குப் போய்வந்த மாதிரி அடியிலிருந்து நடு வரைக்கும் வெள்ளையாக நிற்கின்றன. கொஞ்சம் போட்டால் கொஞ்சம் வேர், நிறையப் போட்டால் நிறைய வேர் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். அளவு மிஞ்சினால் பொடியே குச்சியைக் கருக்கிவிடும் என்று அப்போதே பிடுங்கிக் கழுவிப் பார்த்தேன். பலிக்கவில்லை. அடுத்து அவர் வந்தபோது அத்தனை குச்சியும் அடிக்கரி மாதிரி கருத்துக் கிடந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வரிசையாக வைத்தார். திட்டலாமென்று சேர்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"வேலையில ஒரு நாளும் நான் அளவு தப்புனதில்லீங்க, இதுலதான் ஆசை வந்து கையைத் தட்டி உட்ருச்சு."

பாவாயி அக்காவின் கத்தாழை

இரண்டாவது கொத்தோடு அவர் வந்தபோது, முன் வரிசை வீடுகளை இடித்தாகிவிட்டது, அடுத்தது இவர்கள் வரிசைதான் என்றார். அதாவது கொடியில் இருந்து வருகிற கடைசிக் கிளை இதுதான். இது போனால் போனதுதான்.

பாவாயி அக்காவுக்கு என் பொடி டப்பாவைக் கண்டாலே ஆகாது. டப்பாவை எடுத்தால் "ஆரம்பிச்சுட்டா பவுடர் பூச" என்பாள். அவளுக்குச் சோற்றுக்கத்தாழைதான். மடலைக் கீறி, அந்தக் கொழகொழப்பில் குச்சியை நிறுத்திவிட்டு ஊன்றுவாள். கடைசிக் கிளையாச்சே, ஒரே மருந்தை நம்புவானேன் என்று எனக்கும் தோன்றியது. பாதிக் குச்சிக்குப் பொடி, பாதிக்குக் கத்தாழை, தனித்தனித் தட்டில். பொடியை நானே தொட்டேன். மாணிக்கம் அண்ணன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

அடுத்த வாரம் ஒரு காற்று மழை வந்து கூண்டின் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டது. நான் ஓடி வருவதற்குள் அக்கா தட்டுகளையெல்லாம் தூக்கி உள்ளே வைத்துவிட்டாள். எந்தத் தட்டு என்னுது, எந்தத் தட்டு அவளுது என்று இப்போது இரண்டு பேருக்கும் தெரியாது. கூண்டைத் தைத்து முடித்துவிட்டு நான் தட்டுகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா முந்தானையைப் பிழிந்து உதறினாள்.

"எது புடிச்சாலும் என்னுதுன்னுதான் சொல்லப் போறே, அப்பறம் என்னத்துக்குப் பாக்கறே சாமி?"

கூண்டுக்குள் ஒரு மத்தியானம்

புது வீட்டுக்குக் குடிவந்த பிறகு மாணிக்கம் அண்ணன் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நடந்தே வந்துவிடுவார். கூண்டுக்குள் ஒரு கவிழ்த்த தொட்டியின்மேல் உட்காருவார். கொடி இருந்த சுவரை இடித்தாகிவிட்டது என்று ஒரு நாள் சொன்னார். அதற்கப்புறம் மேட்டூரைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு நாள் சில குச்சிகளில் தளிர் வந்தது. உடனே வீட்டுக்குப் போன் பண்ணப் போனார். எனக்கு ஜிலேபி ஞாபகம் வந்து, போனைக் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். பிடுங்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். கூடாது, பிடுங்கினால் வருகிற வேரும் அறுந்துவிடும் என்றேன். திரும்பத் தொட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். பாலிதீனில் இருந்து ஒரு சொட்டு, அப்புறம் ஒரு சொட்டு விழுந்துகொண்டிருந்தது. வெளிச்சம் பால் மாதிரி இருந்தது. நானும் ஒரு ஓரத்தில் சாய்ந்தேன். மண்ணுக்கு அடியில் நானே இருக்கிற மாதிரியும், மேலே யாரோ மெதுவாக நடக்கிற மாதிரியும் இருந்தது. எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. கண்ணைத் திறந்தால் அண்ணனும் அப்போதுதான் விழித்துக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கனவுல வேர் வந்திருச்சுங்க அம்மிணி, வெள்ளையா, சேமியாவாட்டம்."

கையைப் பிடித்த குச்சி

குச்சியின் தலையை இரண்டு விரலால் லேசாக மேலே இழுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். வேர் இல்லையென்றால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இருந்தால் உள்ளேயிருந்து யாரோ போகாதே என்று பிடிக்கிற மாதிரி இருக்கும். பெரும்பாலான குச்சி வழுக்கிக்கொண்டுதான் வந்தது. ஓரத்தில் நின்ற ஒன்று வரவில்லை. பக்கத்திலேயே இன்னொன்றும் வரவில்லை. என்னுதா, அக்காவுதா, யாருக்குத் தெரியும்.

அவற்றைப் பையில் மாற்றி, வெயில் பழக்கி எடுத்துவைத்த பிறகு, வாங்கிப் போக இரண்டு பேருமே வந்தார்கள். சுசீலா அக்காவை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறேன். மெலிந்த உடம்பு, சிரித்தால் முகம் முழுக்கச் சிரிப்பு. மாணிக்கம் அண்ணன் தொட்டிக்கு மண் கலந்து வாங்கப் பாவாயி அக்காவோடு பின்பக்கம் போனார். சுசீலா அக்கா அவர் போகிற வரைக்கும் பார்த்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்ககிட்டச் சொல்றதுக்கு என்னங்க. எனக்கு அந்தப் பூவுலயும் ஒண்ணுமே தெரியறதில்லீங்க."

எனக்குப் புரியவில்லை. மாம்பழம், பலாப்பழம் என்றெல்லாம் அண்ணன் சொன்னாரே என்றேன்.

"மொத நாளு அவரு பூவை நீட்டிட்டு நின்ன நெலையைப் பாத்தா, இல்லைன்னு சொல்ல வாய் வரலீங்க. மாம்பழம்னுட்டேன். அவரு மொகத்தைப் பாக்கணுமே. அப்பறம் தெனமும் ஒண்ணு சொல்ல வேண்டியதாப் போச்சு. பழமெல்லாம் தீந்து போயி ஒரு நாளு பெருங்காயம்னேன். அதையும் நம்பிட்டாருங்க."

அப்படியானால் இந்தச் செடிக்கு இவ்வளவு பாடு எதற்கு, அப்போதே வேண்டாமென்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"செடி இல்லாட்டி, காலையில எந்திரிச்சு அவரு எதைத் தூக்கிட்டு எங்கிட்ட வருவாருங்க?"

பூக்க இரண்டு மூன்று வருஷமாவது ஆகும் என்று மட்டும் சொன்னேன். அவர் செடிப் பையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். பின்பக்கத்திலிருந்து அண்ணன் மண்மூட்டையோடு வருவது தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதுவரைக்கும் இலையைக் கசக்கி நீட்டட்டுமுங்க, நான் புதுசா நாலு பழம் யோசிச்சு வெச்சுக்கறேன்."

அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரர் போன் பண்ணினார். மேலே களிமண், அப்புறம் மஞ்சளாக ஏதோ ஒரு பொரபொரப்பான கல், இதுவரைக்கும் அந்த மாதிரி பார்த்ததில்லை என்றார். எனக்கு அந்தக் கல்லில் இன்றைக்கும் ஒரு அக்கறையும் கிடையாது. "அப்படீங்களா, எத்தனை அடியில வந்துச்சுங்க, கையில எடுத்துப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். அப்புறம் அவர் சொல்ல ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை.

இத்தனை வருஷம் குச்சி ஊன்றி நான் கண்டது இவ்வளவுதான்: வேர் பொடியோ பொய்யோ, அள்ளிப் பூசினால் கருகிவிடும், நுனியில் தொட்டுத் தட்டிவிட்டால் பிடித்துக்கொள்ளும்.