இரண்டாம் தடவை போட வேண்டிய பேன் மருந்து

யாழினி டீச்சரை வந்த முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை எழுதச் சுலபமாக இருக்கும். இருபத்தாறு வயது. ரவாங்கிலிருந்து மாற்றலாகி வந்திருந்தாள். புக்கிட் பெலிம்பிங்குக்கு அப்பால், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருந்த எங்கள் தமிழ்ப்பள்ளியில் மொத்தமே அறுபது பிள்ளைகள். முதலாம் ஆண்டு வகுப்பும் இரண்டாம் ஆண்டு வகுப்பும் இருபது வருடமாக என் ராஜ்யம். தலைமையாசிரியர் இரண்டாம் ஆண்டைத் தூக்கி அவளிடம் கொடுத்தார். இடைவேளையில் நான் எழுத்து சொல்லிக்கொடுத்த பிள்ளைகளே என்னைத் தாண்டி அவளிடம் ஓடினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

முதலாம் ஆண்டைத் தவிர எனக்கென்று மிஞ்சியிருந்தது ஒரே வேலை. பேன் பார்ப்பது.

திங்கட்கிழமை சபைகூடல் முடிந்ததும் கேன்டீன் பெஞ்சில், வெளிச்சம் படும் பக்கமாகப் பிள்ளைகளை உட்கார வைப்பேன். பென்சிலால் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் வகிடு பிரித்துப் பார்ப்பேன். ஊதினால் பறப்பது பொடுகு, பறக்காமல் ஒட்டிக்கொண்டிருப்பது ஈர். பேன் இருந்தால் தாய்க்கு ஒரு சீட்டு எழுதி, மற்றவர்கள் பார்க்காதபடி நோட்டுக்குள் வைத்து அனுப்புவேன். திட்டவும் செய்வேன். என் கையில் தலை சிக்கினால் பிள்ளைகள் மூச்சுவிடப் பயப்படுவார்கள். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேன்டீனில் சலூன்

ஒரு திங்கட்கிழமை, இரண்டாம் ஆண்டில் ஒன்பது பெண் பிள்ளைகளுக்குப் பேன் இருப்பதைக் கண்டுபிடித்தேன். சீட்டு எழுத உட்கார்வதற்குள் யாழினி டீச்சர் பெற்றோரிடம் வாட்ஸ்அப்பில் சம்மதம் கேட்டுவிட்டாள். கிளினிக்கில் மருந்தும் வாங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் கேன்டீனில் நாற்காலி போட்டு, துண்டு விரித்து, கைப்பேசியில் பாட்டு வைத்தாள். “வாங்க மேடம், இன்னைக்கு என்ன ஸ்டைல் வேணும்?” என்று ஒவ்வொருத்தியையும் கேட்டுக் கேட்டு மருந்து போட்டாள். பேன் இல்லாத பிள்ளைகள்கூட வரிசையில் வந்து நின்றார்கள்.

தலைமையாசிரியர் படம் எடுத்துப் பெற்றோர் குழுவில் போட்டார். என்னிடமும் காட்டினார். “பாருங்க லா, பத்மா டீச்சர். உங்ககிட்ட வரச் சொன்னா புள்ளைங்க கக்கூஸுல போயி ஒளியுதுங்க. இப்ப பேன் பாக்க கியூ நிக்குதுங்க.”

விளையாட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். முகம் மட்டும் சுட்டது.

எல்லாம் கழுவி முடித்து, ஈரக் கையோடு யாழினி டீச்சர் என்னிடம் வந்தாள். “முடிஞ்சிச்சு டீச்சர். நீங்கதான் இதுல சீனியர். வேற ஏதும் செய்யணுமா?”

செய்ய வேண்டும். மருந்துக்குப் பேன் சாகும், ஈர் எல்லாம் சாகாது. அது பொரிந்து புதுப் பேன் வரும். அதனால் ஏழு நாள் கழித்து இரண்டாம் தடவை மருந்து போட வேண்டும். நடுவில் பேன் சீப்பால் வாரிக்கொண்டே இருக்க வேண்டும். என் சீட்டில் தவறாமல் எழுதும் விஷயம் இது.

“அவ்வளவுதான். நல்லா செஞ்சிட்டீங்க,” என்றேன்.

பேன் திரும்ப வரட்டும், தலைமையாசிரியர் என்னைத் தேடி வரட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் எதையும் யோசிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கரும்பலகையில் தேதி எழுதும்போது ஏழு நாள் ஆனது ஞாபகம் வந்தது. பாடம் நடத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

கவினாவின் தொப்பி

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை கவினா அண்ணனுடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டாம் ஆண்டிலேயே நீளமான முடி அவளுக்குத்தான், இடுப்பு வரைக்கும் இருக்கும். தொப்பியைக் கழற்றினால் ஒரு முடி இல்லை. முந்தின நாள் சாயங்காலம் தலையணையில் பேன் ஊர்வதைப் பார்த்த அப்பா, முடிவெட்டும் மெஷினை எடுத்து மழித்துவிட்டிருக்கிறார். லோரி ஓட்டுகிற மனிதர், வேறு வழி தெரியவில்லை. அம்மா அப்போது ரவாங் பேக்டரியில் வேலையில் இருந்தார்.

ஆசிரியர் அறையில் யாழினி டீச்சர் அழுதுகொண்டிருந்தாள். “ஏழு நாள் கழிச்சு இன்னொரு வாட்டி போடணுமாம் டீச்சர். இப்பதான் கிளினிக் நர்ஸ் மிஸ்ஸிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். மருந்து வாங்குனப்பவே கேக்காம விட்டுட்டேன். உங்களுக்குக்கூட இது தெரியல பாருங்க.”

“ஆமா லா, எனக்கும் தெரியாது,” என்றேன்.

அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமைதான். நான் எழுத்து சொல்லிக்கொடுத்த பிள்ளைக்காக அவள் உட்கார்ந்து அழுகிறாளே என்று.

இடைவேளையில் கவினா தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய், “முடிதானே, வளந்துரும்,” என்றேன்.

“வளரும் டீச்சர். அம்மா காலைல அஞ்சரை பஸ்ஸுக்குப் போவாங்க. போறதுக்கு முந்தி என்னைய எழுப்பி தலை பின்னி விடுவாங்க. அப்பதான் நாங்க பேசுவோம். அம்மா வரப்ப நான் தூங்கிருவேன்.” தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டாள். “இன்னைக்கு என்னைய எழுப்பாமலே போயிட்டாங்க.”

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. நேராக ஆசிரியர் அறைக்குப் போனேன். “எனக்குத் தெரியும். நீங்க கேட்டப்பவே தெரியும். வேணும்னேதான் சொல்லல,” என்றேன்.

ஏன் என்று யாழினி டீச்சர் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள். “எந்த நாள் என்ன செய்யணும்னு எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். இரண்டு பேருமாக மறுபடியும் மருந்து போட்டோம், ஏழு நாள் கழித்து இன்னொரு தடவையும் போட்டோம். பாட்டு இல்லை. பேன் போனது. நான் ஓய்வு பெறும் வரை அவள் என்னிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு பேசவில்லை. அதில் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இளம் ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன். மருந்து போட்ட ஏழாவது நாள் மறுபடியும் போடுங்கள். வீட்டில் எல்லார் தலையையும் பார்க்கச் சொல்லுங்கள். தலையணை உறையையும் சீப்பையும் சுடுதண்ணீரில் போடச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்ததை, கண்ணெடுத்துப் பார்க்கப் பிடிக்காத ஆளாக இருந்தாலும் கேட்ட அன்றே சொல்லிவிடுங்கள். நான் யாழினி டீச்சரிடம் மறைத்ததாக நினைத்தேன். கவினாவிடம்தான் மறைத்திருக்கிறேன்.

ஐந்தாம் ஆண்டில் கவினா மறுபடியும் இரட்டைப் பின்னல் போட்டு வந்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். “அம்மா பின்னி விட்டாங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல டீச்சர், எனக்கே பின்னத் தெரியும். அம்மா இப்பல்லாம் எழுப்பறதில்ல.”