நில உயரம் என்று நான் எழுதிய படம்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். தேத்தண்ணீர் குடித்து, சோற்றுப் பொதி கட்டி, ஆறேகாலுக்குக் கண்டி பஸ் எடுத்தேன். ஏழரைக்கு அலுவலகக் கதிரையில் இருந்தேன். வரைபடங்களைச் சரிபார்ப்பதும் அவற்றின் குறிப்புகளைத் தமிழில் எழுதுவதும் என் வேலை.

மேசையில் இருந்தது பன்வில மலைப் பக்கத்து வரைபடத் தாள். வானில் சுற்றும் செய்மதியிலிருந்து அனுப்பும் ரேடார் அலைகளைக் கொண்டு மலையின் உயரங்களைக் கணித்துச் செய்தது. செங்குத்தான இடம் சிவப்பு, சாய்வு குறைந்த இடம் பச்சை. மண்சரிவுக்குப் பயந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று மூன்று வாரத்துக்கு முன்பே தேயிலைத் தோட்டங்களுக்குக் கொடுத்துவிட்டோம். நேரில் போய் அளந்த உயரங்கள் அன்றுதான் கைக்கு வந்தன. ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். பெரும்பாலும் இரண்டு மூன்று மீற்றர்தான் வித்தியாசம். பதினேழாவது புள்ளியில் இருபத்திரண்டு. மூன்று தரம் கழித்துப் பார்த்தேன்.

அந்தப் புள்ளி தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயத்துக்கு நேர் கீழே, பள்ளத்தில். அளந்தவர் பக்கத்தில் ‘டர்பன்டைன் மரங்கள், நெருக்கம்’ என்று எழுதியிருந்தார். டர்பன்டைன் இருபது மீற்றருக்கு மேல் வளரும் மரம். அலை மண்ணைத் தொடவேயில்லை. மர உச்சியிலேயே திரும்பியிருக்கிறது. மரங்களின் உயரத்துக்குப் பள்ளம் நிரம்பி, செங்குத்துச் சரிவு படத்தில் சாதாரண இறக்கமாகிவிட்டது. லயத்துக்குப் பச்சை.

ஆங்கிலத் தாளில் ‘மேற்பரப்பு’ உயரம் என்றுதான் இருந்தது. கட்டத்துக்குள் இடம் போதவில்லை என்று தமிழில் ‘நில உயரம்’ எனச் சுருக்கியவள் நான். மேற்பரப்பில் மர உச்சியும் சேரும். நிலம் என்றால் நிலம்தான்.

மேலதிகாரியிடம் சொன்னேன். அடுத்த பதிப்பில் திருத்தலாம், எச்சரிக்கை விடுவது நம் வேலையில்லை என்றார். பதினொரு மணியிலிருந்து மழை. அந்த லயத்துக்காகப் படத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய தோட்டத் தொழிலாளர் தலைவரின் நம்பர் கோப்பில் இருந்தது. சிக்னல் கிடைக்கவில்லை. இரண்டரைக்குத்தான் பேசினார். போன மாத மழையில் லயத்தை விட்டுப் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கப் புறப்பட்டவர்கள், பச்சையைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்களாம். நடந்த பிழையைச் சொன்னேன்.

“அப்ப அது மண்ணு இல்ல, மரத்து உச்சியா? நாங்க என்ன கொரங்கா மிஸ், உச்சியில குடியிருக்க?”

பன்னிரண்டு வீடு, இரண்டில் கைக்குழந்தை என்று அவரே சொன்னார். இன்றைக்கே எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்றேன். யார் சொன்னது என்று லயத்தில் கேட்பார்களே என்றார்.

“நான் சொன்னேன்னு சொல்லுங்க. அத தமிழ்ல எழுதினது நான்தான்.”

“சரி, இருட்டுறதுக்குள்ள கூட்டிட்டுப் போயிர்றோம்.”

மாவட்டத்தில் அனர்த்தத் தடுப்பு வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு நானே நடந்து போய், பிழையை எழுதிய கடிதம் கொடுத்தேன். நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்தபிறகு தலைவரின் போன் வேலை செய்யவில்லை. மழையும் விடவில்லை.

15ஆம் திகதி எழுந்ததும் முதல் வேலையாக அவருக்குப் போன் எடுத்தேன். எடுத்தார். எல்லோரும் பள்ளிக்கூடத்தில்தான்; லயம் அப்படியே நிற்கிறது; சும்மா அலைக்கழித்ததாக இரண்டு பேர் என்னைத் திட்டுகிறார்களாம்.

“மழ விட்டுருச்சு மிஸ். திரும்பிப் போகலாமா, வேணாமா?”

மண் ஊறிப்போயிருக்கும், போக வேண்டாம் என்றேன். எத்தனை நாளைக்கு என்று கேட்டார். ஆறேகால் பஸ்ஸில் போய் இறங்கி, அதைக் கேட்க முதலில் அனர்த்த அலுவலகத்துக்கு நடந்தேன்.