அவர் பெயரில் போன பீட்டா

துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், திருவொற்றியூரில் கண்டெய்னர் யார்டுகளுக்கு மென்பொருள் எழுதும் சிறு அலுவலகம் ஒன்றில் சேர்ந்தேன். முதலாளியைச் சேர்த்து நான்கு பேர். பேக்கேஜ் என்று நாங்கள் சொல்லும் மென்பொருள் தொகுப்புகள் எல்லாம் இணையத்தில் ஒரே லாகினில்தான் வெளியாகும். அது வியாசர்பாடியிலிருந்து தினமும் வேலைக்கு வந்துபோன சக ஊழியரான ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரியும். அப்படியே பழகிவிட்டோம்.

டிரெய்லர்களுக்கு வரிசை எண் கொடுக்கும் பேக்கேஜின் பீட்டாவை ஒரு நாள் காலை நான் வெளியிட்டேன். சோதனைப் பதிப்பு என்றால் ‘பீட்டா’ என்று டேக், அதாவது அடையாளச் சொல், போட்டு அனுப்ப வேண்டும். போடாவிட்டால் தானாகவே ‘லேட்டஸ்ட்’ என்ற டேக் விழும். யார்டு கணினிகள் லேட்டஸ்டைத்தான் இழுத்துக்கொள்ளும். எனக்கு இது நன்றாகத் தெரியும். டிபனுக்குப் போகும் அவசரத்தில் விட்டுவிட்டேன்.

மதியத்துக்குள் யார்டு வாசலிலிருந்து எர்ணாவூர் வரை வண்டிகள் நின்றன. ஒரு டிரைவர் போனில் கத்தினார்: “இன்னா சார், ரெண்டு வண்டிக்கு ஒரே நம்பரு குட்துகீறீங்க? இங்க அடிதடியாகீது! வந்து நீயே பிரிச்சு வுடு!”

அந்தப் பெண் என் மேசைக்கு வந்தார். “நைனா, டேக் போடாம வுட்டியா?”

அவரே லேட்டஸ்ட் டேக்கைப் பழைய பதிப்புக்கு மாற்றினார். ஒரு வரிக் கட்டளை. ஆனால் யார்டுகள் சீராக மாலையாகிவிட்டது.

மறுநாள் முதலாளி வெளியீட்டுப் பக்கத்தைத் திறந்து அந்தப் பெண்ணிடம் காட்டினார். “இதுல உங்க பேருதானே இருக்கு?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன்.

“லாகின் என்னுதுதான் சார்” என்றார் அவர்.

எனக்குப் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. அவருக்குக் கல்லூரியில் படிக்கும் மகள் இருந்தாள். இருந்தும், தப்பே செய்யாத பெரியவர் என்ற பெயரை இழக்க எனக்கு மனமில்லை. அந்த மாதத்தோடு அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டே அவர் சொன்னார்: “பேஜாரு வாணாம் நைனா. உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்த வரும்னு பாத்துகினு இருந்தேன். அவ்ளோதான்.”

ஆறு மாதம் கழித்து முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். “அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சே சார்” என்றார், தலையைத் தூக்காமல்.

டேக்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வெளியிட்டவர் பெயரை மாற்ற முடியாது. அந்தப் பீட்டாவின் கீழே இன்றும் அவர் பெயர்தான் இருக்கிறது.