சாவியைக் கொடுக்காத வெள்ளிக்கிழமை

என் பழைய காரைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். சேதராப்பட்டில் எனக்கு வேலை. அந்தக் கார்தான் என் கால். பழுது பார்ப்பதோடு நிறுத்தாமல் என்ஜினையே மாற்றி அமைக்கப் போகிறேன் என்றேன். "இது ஓடலன்னா பேசாம வித்துடணும்" என்றார். சரி என்றேன். அப்படித்தான் பந்தயம் தொடங்கியது.

உழவர்கரையில் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர் எடுத்த எடுப்பிலேயே, "ரேஸ் கேம் போட்டுடலாம்மா. சத்தமே சும்மா அதிரும்" என்றார். வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் தண்டுதான் கேம்ஷாஃப்ட். அவர் சொன்ன கேம் அசுர வேகத்தில்தான் இழுக்கும். நானோ தினமும் கதிர்காமம் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோக்களுக்கு நடுவே ஊர்ந்து போகிறவள். சத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குறைந்த வேகத்திலேயே இழுக்கிற சாதுவான கேம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன். "லேடீஸ் கேம்" என்று ஷெட்டே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

பூட்டி முடித்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. என் வீட்டுக்காரர் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரமும் ஏற்றிவிட்டார். பத்தரைக்கு ராகு காலம். மெக்கானிக் சாவிக்குக் கையை நீட்டினார்.

"மொதல்ல என்ஜின கையால ரெண்டு சுத்து சுத்திப் பாக்கணும்" என்றேன்.

"புள்ளிக்குப் புள்ளி கரெக்டா வச்சுதான் பெல்ட் மாட்டியிருக்கேன். நேரம் போவுதும்மா."

"அவுரு சொல்றாரு இல்ல, குடுத்துடேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"குடுக்க மாட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கூடுதல் சக்திக்காக என்ஜின் ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவியிருந்தோம். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இருந்த இடம் குறைந்திருந்தது. வால்வு திறக்கும் டைமிங் பிசகினால் இரண்டும் முட்டிக்கொள்ளும், வால்வு வளைந்துவிடும். அப்புறம் காயலான் கடைதான். நல்ல நேரத்தில் உடைந்தால் மட்டும் ஒட்டிக்கொள்ளுமா?

பிஸ்டன்களை இயக்கும் கிராங்க் தண்டின் போல்ட்டில் ஸ்பானரை மாட்டி நானே மெதுவாகச் சுற்றினேன். முதல் சுற்று முடிவதற்குள் டக்கென்று நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் எல்லாம் போயிருக்கும். மெக்கானிக் குனிந்து பார்த்தார். கிராங்கையும் கேமையும் இணைக்கும் பெல்ட்டை இறுக்கும்போது கேம் இரண்டு பல் நகர்ந்திருந்தது. அவர் பெல்ட்டைக் கழற்றினார்.

மறுபடி பூட்டினோம். இரண்டு சுற்று தடங்கலில்லாமல் சுற்றியது. நான் சீட்டில் போய் உட்கார்ந்தேன். கற்பூரம் எப்போதோ அணைந்திருந்தது.

"ராகு காலம் வந்துடுச்சு. பன்னெண்டு மணி வரைக்கும் பொறுத்துக்கயேன்" என்றார் என் வீட்டுக்காரர், தணிந்த குரலில்.

"இவ்ளோ வருஷம் பொறுத்ததே போதும்" என்று சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு, சேதராப்பட்டு பக்கம் வண்டியைத் திருப்பினேன்.