பாபின் தீர்ந்த இடம்

ஆர்டித் நெல்சனுக்கு ஒரே கொள்கை. ஒட்டுத்துணிப் போர்வைக்குத் துண்டுகளை மெஷினில் இணைக்கலாம். பஞ்சு வைத்து மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பது கையால்தான். "மெஷின் குத்தினா அது போர்வை இல்ல, கார் சீட்டு உறை" என்பாள். நெப்ராஸ்காவின் அந்தச் சர்ச் தையல் வட்டத்தில் அவளை மீறி ஊசி அசையாது. போன வருஷம் லூவெல்லா மெஷினில் தைத்துவிட்டாள் என்று எல்லார் முன்னாலும் வட்டத்தை விட்டே விரட்டியவளும் அவளே.

அந்த மகராசிக்கு இப்போது இதய ஆபரேஷன். வட்டத்தில் யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் புதுப் போர்வையோடுதான் அனுப்புவார்கள். கையால் தைக்க இரண்டு மாதம் வேண்டும். ஆபரேஷனுக்கு டாக்டர் குறித்ததோ நான்காம் நாள். பொறுப்பு எதிர்வீட்டு மார்லிஸ் தலையில் விழுந்தது.

இணைத்து வைத்திருந்த துண்டுகளை மார்லிஸ் வீட்டுக்கு வாங்கிப் போனாள். அவள் பின்னறையில் மகன் பொருத்திய நீளச் சட்டகம் இருந்தது. வீட்டுத் தையல் மெஷினை அதன் சக்கரப் பலகையில் ஏற்றிவிட்டால், டேப்லெட்டில் தேர்ந்தெடுத்த கோலத்தை அதுவே ஓடி ஓடித் தைக்கும். வரிசை முடிந்ததும் துணியைச் சுருட்டிப் பொத்தானை அமுக்க வேண்டியதுதான். இலவங்கப்பட்டை ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே மார்லிஸ் வந்து வந்து அமுக்கினாள். மூக்குக்கண்ணாடி அடுப்படியில் கிடந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின மத்தியானம் போர்வையை இறக்கிப் புரட்டினாள். மூன்று வரிசைக்குப் பிறகு பின்பக்கம் வெறும் துணி. மேல்நூலை இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்தது. கீழ்நூல் சுற்றிய பாபின் எப்போதோ தீர்ந்திருக்கிறது.

பின்கதவு திறந்தது.

"பூனையைப் பாத்துக்கிறேன்னியே, கொண்டாந்தேன்" என்றபடி ஆர்டித் கூடையோடு உள்ளே வந்தாள். சட்டகத்தைப் பார்த்தாள். போர்வையை வாங்கி விரலால் தடவினாள். மார்லிஸ் திட்டுக்குத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எத்தனாவது வரிசைடி பாபின் தீர்ந்துச்சு?"

"நாலாவது. உனக்கெப்படித் தெரியும்?"

"வீட்டு மெஷின் பாபின் சின்னது. மூணு வரிசைக்கு ஒண்ணு மாத்தணும். ரெண்டு போர்வை பாழாப்போன பிறகுதான் எனக்கே புத்தி வந்துச்சு."

"உனக்கா?"

"எங்க வீட்டுக் கீழறையில இதே மாதிரி ஒண்ணு நிக்குது. மூணு வருஷமாச்சு, கை நடுங்க ஆரம்பிச்சதுலேர்ந்து."

மார்லிஸ் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று வருஷமாய்ச் சந்தைப் போட்டியில் அவள் போர்வைகள் வாங்கிய பரிசுகளும், அத்தனை உபதேசமும்! அடுத்த நொடி கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப லூவெல்லா?"

ஆர்டித் பூனைக்கூடையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவ போர்வையில இருந்த கோலம் என் மெஷின்லயும் இருக்கு. எங்க என்னையும் கண்டுபிடிச்சிருவாளோன்னு பயந்துட்டேன். நாளைக்கு நான் கண்ணு முழிக்கலேன்னா, அவகிட்ட நீதான் சொல்லணும்."

"நான் சொல்ல மாட்டேன்."

மார்லிஸ் எழுந்து, போர்வையை நான்காவது வரிசைக்கு மறுபடி ஏற்றினாள். புதுப் பாபினைப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"நீ முழிச்சு வந்து, நீயே சொல்லு."